ஹாஜியார் கேட்ட கதவு

ஹாஜியார் முதலில் தொட்டுப் பார்த்தது கதவைத்தான். வீட்டுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. வாசலில் நின்றபடி, சாரத்தை ஒரு கையால் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை விரித்துப் பலகையின் மேல் வைத்தார். மேலிருந்து கீழே தடவிக்கொண்டு வந்தார். பழைய மீன்பெட்டிப் பலகைகளைச் சேர்த்து ஆணியடித்த கதவு அது. நடுவில் ஓர் ஆணி துருத்திக்கொண்டிருக்கும். "கை கவனம் ஹாஜியார்" என்று அப்பா சொன்னார். அவர் கையை எடுக்கவில்லை. "இது என்ட கதவு இல்லையே தம்பி" என்றார். நாங்கள் அந்த வீட்டை விட்டுப் போவதற்குச் சாமான் கட்டி முடித்திருந்த காலை அது. உழவு இயந்திரம் இழுவைப் பெட்டியோடு ஒழுங்கையில் நின்றது. பூட்டுத் திறப்பைக் கொடுத்துவிட்டுப் புறப்படுவதுதான் மிச்சம் என்று நினைத்திருந்தோம்.

எங்களுக்கு ஊர் இலுப்பைக்கடவை. வயல்தான் சீவியம். சண்டை முடிந்து முகாமிலிருந்து வெளியே விட்டபோது நேரே ஊருக்குப் போக முடியவில்லை. கண்ணிவெடி எடுத்து முடியவில்லை என்றார்கள். மன்னார் ரவுணில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தோம். பஸ் நிலையத்தடியில் கடை வைத்திருந்த ஒருவர், தன் மாமனாரின் வீடு சும்மா கிடக்கிறது, இருக்க விருப்பமென்றால் இருக்கலாம் என்றார். அந்த மாமனார்தான் ஹாஜியார். மன்னார்த் தீவிலிருந்த முஸ்லிம் சனங்கள் எல்லோரையும் இயக்கம் ஊரைவிட்டுப் போகச் சொன்ன காலத்தில், உடுத்த உடுப்போடு மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு புத்தளத்துக்குப் போனவர். அதன்பிறகு அந்த வீட்டில் யார் யாரோ இருந்தார்கள், போனார்கள். நாங்கள் போனபோது வாசலில் அந்த மீன்பெட்டிக் கதவு இருந்தது. யன்னல்களில் கதவிலைகள் இல்லை, சாக்குத்தான் தொங்கியது. கிணற்றுக்கட்டு ஒரு பக்கம் இடிந்து கிடந்தது. வளவுக்குள் கழுதைகள் படுத்திருந்தன. மருமகன்காரர் கூச்சப்பட்டதுபோல, "இருக்கிற மாதிரித்தான் தாறன் அண்ணன்" என்றார். அப்பா தலையாட்டினார். முகாமில் தறப்பாளுக்குக் கீழே கிடந்து வந்த எங்களுக்கு நாலு சுவர் இருந்ததே பெரிய காரியம்.

அந்த வீட்டில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தோம். அப்பா தாழ்வுபாட்டில் மீன் காயவைக்கும் இடத்துக்குக் கூலிக்குப் போனார். நெல்லைத் துழாவிய கையால் கருவாட்டைப் புரட்டினார். வீட்டுக்கு வந்து எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் மணம் போகாது. சாப்பிடும்போது முகத்தைச் சுளித்துக்கொண்டே சாப்பிடுவார். ஓய்வான நாட்களில் கிணற்றுக்கட்டை அவரே கல் அடுக்கிப் பூசினார். யாரும் சொல்லிச் செய்யவில்லை. அம்மா மாரிக்காலத்தில் குசினிக்குள் விறகு வைத்து எரித்ததில் ஒரு சுவர் கறுத்துப் போயிற்று. புறப்படுவதற்கு முன்னால் அப்பா அதற்குச் சுண்ணாம்பு அடித்தார். அடித்த பிறகும் கறுப்பு மங்கலாகத் தெரிந்தது. அந்தச் சுவருக்கு ஹாஜியார் என்ன சொல்வாரோ என்பதுதான் அப்பாவுக்கு இருந்த ஒரே கவலை.

ஊருக்குப் போகலாம் என்று அறிவித்ததும் அப்பா முன்னதாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். சுவர் நிற்கிறது என்றார். கூரை இல்லை. கதவு நிலையில்லை, கதவில்லை, யன்னலில்லை. எல்லாவற்றையும் யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டைத் திருத்துவதற்கென்று நிவாரணமாகக் கூரைத் தகரமும் சீமெந்தும் கொடுத்தார்கள். ஆளில்லாத ஊரில் கொண்டுபோய் வைத்தால் அதுவும் போய்விடும் என்று ஹாஜியாரின் வளவில், கிணற்றடியில் அடுக்கி வைத்திருந்தோம். மாரி தொடங்குவதற்குள் அந்தத் தகரம் எங்கள் சுவரின்மேல் ஏறவேண்டும். எங்களிடம் வேறு எதுவும் இருக்கவில்லை.

அன்று ஹாஜியார் வீட்டை அறை அறையாகப் பார்த்தார். புத்தளத்துக்குப் போன பிறகு அவர் அந்த வீட்டுக்கு வருவது அதுதான் முதல் தரம். மருமகன்காரர் பின்னால் நடந்தார். யன்னலடியில் நின்று, "இதில முதிரை மரக் கதவிலை ரெண்டு இருந்திச்சு" என்றார் ஹாஜியார். "முன்கதவும் முதிரை. கொடியும் பூவும் வெட்டின கதவு. இது என்ட மனிசிக்குச் சீதனமாக் குடுத்த வீடு. நான் மாப்பிள்ளையா வந்து அந்தக் கதவாலதான் உள்ளுக்குப் போனேன்." மனைவி புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் காலமாகி நெடுநாளாகியிருந்தது. அதை அவர் சொல்லவில்லை, மருமகன்காரர் முன்பே சொல்லியிருந்தார்.

"நாங்கள் வரேக்கையும் இப்பிடித்தான் இருந்தது ஹாஜியார்" என்றார் அப்பா. "கதவும் இதேதான். நாங்கள் ஒண்டிலும் கைவைக்கேல்லை. குசினிச் சுவர்தான் எங்களால கறுத்தது. வாங்கோ, காட்டுறன்."

ஹாஜியார் குசினிப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. "கரி என்ன கரி? கதவு எங்க? மருமகன் போன வருசமும் சொன்னாரே, வீடு நாங்க விட்டுட்டுப் போன மாதிரியே இருக்கெண்டு."

நாங்கள் எல்லோரும் மருமகன்காரரைப் பார்த்தோம். அவர் வாசலுக்கு வெளியே ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அப்போது இருபது வயதிருக்கும், பொறுக்க முடியவில்லை. "நீங்கள்தானே எங்களைக் கூட்டிவந்து காட்டினனீங்கள், சொல்லுங்கோ அண்ணா" என்றேன். "பிள்ளை, நீ சும்மா இரு" என்று அப்பா என்னை அடக்கினார். மருமகன்காரர் ஒழுங்கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கிழவர் ஒவ்வொரு தரமும் தொலைபேசியில் வீட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறார். இவரும் ஒவ்வொரு தரமும் அவர் மனம் நோகாதபடி, எல்லாம் அப்படியே இருக்கிறது என்று சொல்லி வந்திருக்கிறார். அது அந்த இடத்திலேயே எங்களுக்கு விளங்கிவிட்டது. விளங்கி என்ன செய்வது?

கதவுக்கும் யன்னலுக்கும் ஒரு பதில் சொல்லும்வரை தகரம் வளவை விட்டுப் போகாது என்றார் ஹாஜியார். குரலை உயர்த்தவில்லை. கிணற்றடியில் போய், தகர அடுக்கின்மேல் இருந்துகொண்டார். அம்மா அவருக்கு முன்னால் நிலத்தில் குந்தி, "மழைக்கு முதல் கூரை போடோணும் ஐயா, எங்களுக்கு வேற போக்கிடம் இல்லை" என்று கெஞ்சினார். "எனக்கும் இல்லை மகள்" என்றார் அவர். உழவு இயந்திரக்காரர் நேரமாகிறது என்று சத்தம் போட்டார். சட்டி பானையையும் பாயையும் ஏற்றிக்கொண்டு, தகரத்தையும் சீமெந்தையும் விட்டுவிட்டுப் புறப்பட்டோம். அந்த வயதான மனிதரைக் கையில் பிடித்துத் தூக்கியா விடமுடியும்?

அப்பா கிராம சேவகரிடம் போனார். அவர், வழக்குக்குப் போகாமல் பேசித் தீர்க்கும் இணக்கசபைக்குப் போகச் சொன்னார். சனிக்கிழமை ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் சபை கூடியது. அப்பா சுத்தமான சேட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். சின்னப் பிள்ளைகளின் வாங்கில் முழங்கால் முட்ட இருந்தார். எதிர் வாங்கில் ஹாஜியார். தலைவராக இருந்த ஓய்வுபெற்ற அதிபர் பொறுமையான மனிதர்தான். "நீங்கள் குடிவரும்போது வீடு எப்படி இருந்தது என்பதற்கு ஏதாவது அத்தாட்சி இருக்கிறதா?" என்று கேட்டார். முகாமிலிருந்து ஒரு பையோடு வந்தவரிடம் என்ன அத்தாட்சி இருக்கும்? அப்பா மருமகன்காரரைக் காட்டினார். அதிபர் அவரைக் கேட்டார். அவர் எழுந்து நின்று, தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டு, "எனக்குச் சரியா ஞாபகமில்லை சேர்" என்றார். ஹாஜியார் அவருடைய முகத்தை நிமிர்ந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

இடைவேளையில் மருமகன்காரர் பள்ளிக்கூட மதிலோரமாக அப்பாவிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது. "அண்ணன், நான் செய்தது பிழைதான். மாமாவுக்கு நெஞ்சு வருத்தம். இவ்வளவு காலமும் பொய் சொன்னன் எண்டு இந்த ஆக்களுக்கு முன்னால எப்பிடிச் சொல்றது? பொறுத்துக்கொள்ளுங்க." நான் கத்தினேன். அவருடைய மாமனாரின் நெஞ்சுக்காக எங்கள் அம்மா நனைய வேண்டுமா என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அப்பா உள்ளே போனார். கடைசியில் அதிபர் பாதிக்குப் பாதி என்று முடித்துவைத்தார். சீமெந்து முழுவதும் எங்களுக்கு. தகரத்தில் பாதி ஹாஜியாருக்கு. இரண்டு பேரும் சம்மதமா என்று கேட்டார். "ஓம்" என்றார் அப்பா. அவர் இன்னும் கொஞ்சம் வாதாடியிருக்கலாம் என்று எனக்கு அப்போது ஆத்திரமாக இருந்தது. இப்போதும் முழுதாகப் போகவில்லை.

சபை முடிந்து வந்தபோது பஸ் நிலையத்தில் எங்களுக்கும் அவருக்கும் ஒரே தேநீர்க் கடை. ஹாஜியார் புத்தளம் பஸ்ஸுக்குக் காத்திருந்தார். அப்பாவைப் பார்த்ததும் பக்கத்துக் கதிரையை இழுத்துவிட்டு, "இரிங்க தம்பி" என்றார். அப்பா இருந்தார். நான் நின்றேன்.

"ஊர்ல உங்கட வீட்டுக்குக் கதவு இருக்கா?" என்று கேட்டார் ஹாஜியார்.

"இல்லை. ஒண்டுமில்லை. நிலையையும் கிண்டி எடுத்துப்போட்டினம்."

"யாரிட்டக் கேட்டீங்க?"

"ஆரிட்டக் கேக்கிறது ஹாஜியார்?"

அவர் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார். "எனக்கும் விளங்குது தம்பி" என்றார். "அந்த மீன்பெட்டிப் பலகை இத்துப்போன பலகை. அது ஒரு வருசத்துப் பலகை இல்லை. ஆனா நானும் யாரிட்டயாவது கேக்கணுந்தானே." பஸ் வந்தது. அவர் கைத்தடியை ஊன்றி ஏறி, யன்னலோரம் இருந்தார். தகரத்தைத் திருப்பித் தருகிறேன் என்று சொல்லுவார் என நான் கடைசிவரை எதிர்பார்த்தேன். பஸ் வெளிக்கிட்டது.

அந்த மாரியை நாங்கள் பாதிக் கூரையோடு கழித்தோம். ஒரு அறையும் அடுப்படியும் மூடியிருந்தன. மற்ற அறைக்குள் மழை நேரே பெய்தது. வாடைக்காற்று அடிக்கும்போது அம்மா சீலையால் வாசலை மறைத்துக் கட்டுவார். ஹாஜியார் மன்னாருக்குத் திரும்பிவந்து குடியிருக்கவே இல்லை. அடுத்த வருடம் புத்தளத்திலேயே மௌத்தாகிப்போனார் என்று மருமகன்காரர் அப்பாவுக்குச் சொல்லியனுப்பினார். அப்பா துக்கம் விசாரிக்கப் போய், முற்றத்தில் போட்டிருந்த கதிரையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தார். இன்று நான் மன்னார் ரவுணில் படிப்பிக்கிறேன், வாடகை வீட்டில்தான் இருக்கிறேன். குடிபோன அன்றே ஒவ்வொரு கதவையும் யன்னலையும் கைத்தொலைபேசியில் படமெடுத்தேன். வீட்டுக்காரப் பெண் சிரித்தார்.

ஹாஜியார் மௌத்தாகிச் சில மாதங்களுக்குப் பிறகு நடந்ததையும் சொல்லவேண்டும். அப்பா ஒரு கலியாணத்துக்காகப் பக்கத்து ஊருக்குப் போனார். வழியில் தண்ணீர் குடிக்க ஒரு வீட்டில் கூப்பிட்டார். கணவனை இழந்த ஓர் இளம்பெண், இரண்டு குழந்தைகளோடு இருந்தாள். மண் சுவர் வைத்த சின்ன வீடு. வாசலில், ஊரில் எங்கள் வீட்டிலிருந்து கழற்றிக்கொண்டு போன கதவு நின்றது. தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் தான் முன்பு ஒட்டுப் போட்ட இடத்தை அப்பா கண்டார். யாரோ வண்டியில் ஏற்றிவந்து விற்றதாம், காப்பை அடகு வைத்து வாங்கினாளாம். அவளாகவே சொன்னாள்.

"கேட்டனீங்களோ?" என்றார் அம்மா.

"இல்லை."

"ஏன்?"

"நான் கேட்டால், அந்தப் பிள்ளை ஆரிட்டப் போய்க் கேக்கிறது?"

அம்மா அன்று அப்பாவோடு பேசவில்லை. மறுவாரம் கோயிலுக்கென்று சொல்லிவிட்டு அந்தப் பெண்ணின் வீட்டுப் பக்கமாகப் போனார். பொழுதுபடத்தான் திரும்பி வந்தார். செருப்பைக் கழற்றி, கால் கழுவி, வழக்கம்போல வாசலில் சீலையை இழுத்துக் கட்டினார். அவரும் கதவைக் கேட்டிருக்கமாட்டார் என்று எனக்குப் பட்டது.