சீமைக் கம்பெனியின் முளைக்குச்சி

ராசிபுரம் சாலையில் டயர் மாற்ற பஸ் நிற்கிறது. என் கையிலுள்ள பத்திரிகை, இந்த ஜில்லாவின் மின்சாரத்தில் முதல் போடச் சொல்லிச் சீமைக்காரர்களை அழைக்கிறது. எதிர்க் காட்டில் ஓர் அம்மாள் மாடுகளை ஓட்டிக் கிணற்றிலிருந்து தோல் சாலில் தண்ணீர் மொண்டு கவலை இறைக்கிறார். அருகே, சிவப்புச் சாயமடித்த முளைக்குச்சியில் எருமை ஒன்று கட்டியிருக்கிறது. இறங்கிப் போய்க் கேட்கிறேன்:

"இது கரண்டுக் கம்பெனிக் குச்சியாயிற்றே?"

"ஆமாங்க. கவலை மாடு நடக்கற தடத்துலயே கம்பம் நடறதுக்கு அடையாளமா நேத்து அடிச்சாங்க. புடுங்கியாந்து எருமையக் கட்டிட்டேன்."

"கம்பெனி சும்மா விடுமா?"

"கம்பி எங்க காட்டு மேல மில்லுக்குப் போவுது. எங்க ஊட்டுக்கு ஒரு வெளக்கு கேட்டா இல்லேங்கறாங்க. கம்பத்துக்கு மட்டும் எங்க காடுங்களா?"

"நாளைக்கு மறுபடி குச்சி அடிப்பார்களே?"

மாடுகளைப் பின்னுக்கு நடத்தியபடியே சொல்கிறார்:

"அடிக்கட்டுங்க. கட்டறதுக்கு இன்னும் ரெண்டு எருமை நிக்குது."