சிவப்பு விளக்கு அணையும் முன் ஓடியவன்

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். மலை மேல் எடப்புளி நாடு என்கிற ஊர்க் கூட்டத்தில், எங்கள் குடியிருப்பிலேயே முதலில் தளம் போட்டு வீடு கட்டினேன். புதராகக் கிடந்த சரிவில் மிளகுத் தோட்டம் வைத்தேன். சொந்தமாக ஜீப் வாங்கினேன். எல்லாரும் வேண்டாம் என்று தடுத்த இடத்தில் பாறையை உடைத்துக் கிணறு வெட்டினேன். தண்ணீர் வரவில்லை. ஆனாலும் அவ்வளவு ஆழக் கிணறு இந்தப் பக்கம் வேறு எவனிடமும் இல்லை.

இத்தனையும் ஏரோப்ளேன் நிறுத்தும் வேலையில் சம்பாதித்தது. "ப்ளேனா ஓட்டுனீங்க?" என்று கேட்பவர்களிடம், "ஓட்டுறவனுக்கு ஓட்டத்தான் தெரியும். நிறுத்துறது நாங்க" என்பேன். சக்கரத்துக்குக் கட்டை வைப்பதுதான் என் வேலையா என்று யாரும் கேட்டதில்லை. நானாகவும் சொன்னதில்லை.

1. லாரியில் கற்றது

முதலில் அன்னாசி லோடு ஏற்றும் லாரியில் கிளீனராக இருந்தேன். எங்கள் மலை ரோட்டில் ஊசி வளைவுகளில் லோடு லாரி ஒரே மூச்சில் திரும்பாது. நிறுத்தி, பின்னால் எடுத்துத்தான் திருப்ப வேண்டும். வண்டி நின்றதும் கிளீனர் குதித்துப் பின் டயருக்குக் கட்டை போட வேண்டும். யோசித்துக்கொண்டு நின்றால் லாரி பள்ளத்தில் கிடக்கும். நான் வண்டி நிற்பதற்கு முன்பே குதிப்பவன்.

சேந்தமங்கலத்துப் பழ மண்டிக்காரர் குடும்பத்தைச் சேர்ந்தவர் ஜப்பார் பாய். வெளியூரில் ஒரு விமான நிலையத்தில் தரைப்பணி சூப்பர்வைசராக இருந்தார். லீவில் வந்தவர் மண்டி வாசலில் என் வேகத்தைப் பார்த்தார். தொண்ணூறுகளின் கடைசியில் தன் பொறுப்பில் என்னை அங்கே சேர்த்துவிட்டார்.

முதல் நாள் என்னை இறக்கை நுனியில் நிறுத்தினார்கள். இறக்கை எதிலும் இடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ப்ளேன் உள்ளே வர வர, "வரலாம் வரலாம், லெப்ட்ல ஒடி, வரலாம்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

"ஏண்டா வெள்ளையா, பைலட்டு மேல சன்னலச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்காரு. உன்ற தொண்ட என்ன மைக் செட்டா? கைய மட்டும் காட்டு சாமி" என்றார் பாய்.

பிறகு கட்டை வேலைக்கு மாற்றினார். அங்கே கட்டைக்குச் சாக் என்று பெயர். "ப்ளேன் வயித்துக்கு அடியில செவப்பு லைட்டு மினுக்கும். அது மினுக்குற வரைக்கும் இன்ஜின் ஓடுதுன்னு அர்த்தம். லைட்டு அணையோணும், நான் கை காட்டோணும். அப்பறந்தான் நீ கிட்டப் போகோணும்" என்றார்.

"சரிங் பாய்" என்றேன்.

2. தொப்பி போன திசை

ப்ளேனின் வாலில் ஒரு சின்ன இன்ஜின் உண்டு. நிற்கும்போது உள்ளே கரண்ட் கொடுப்பது அதுதான். ஒருநாள் வந்த ப்ளேனில் அது ரிப்பேர். அப்படி இருந்தால், நாங்கள் தரையிலிருந்து கரண்ட் வயர் மாட்டும் வரை பைலட் ஒரு பெரிய இன்ஜினை ஓட விட்டிருப்பார். "வலது இன்ஜின் ஓடிட்டே இருக்கும், எவனும் கிட்டப் போகாதீங்க" என்று பாய் எல்லாரையும் கூட்டிச் சொன்னார். நான் தலையாட்டினேன். தலையாட்டுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை.

ப்ளேன் வந்து நின்றது. பாய் மூக்குக்கு அடியில் போய் ஹெட்செட் வயரைச் சொருகிக் கேப்டனோடு பேசத் தொடங்கினார். இடது இன்ஜின் அடங்கியது. சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்ததைக் கண் பார்த்தது. கால் பார்க்கவில்லை. சக்கரம் நின்றுவிட்டது, காலுக்கு அது போதும். இரண்டு கையிலும் கட்டையைத் தூக்கிக்கொண்டு வலது சக்கரத்துக்கு ஓடினேன், அதுவும் இன்ஜினுக்கு முன்பக்கமாக. காதில் சத்தம் அடைக்கும் மூடி இருந்ததால் எந்த இன்ஜின் ஓடுகிறது என்று தெரியவில்லை.

தொப்பி தலையை விட்டுப் பறந்தது. ஓடுகிறவன் தொப்பி பின்னால்தான் விழும். இது பக்கவாட்டில் போய் இன்ஜின் வாய்க்குள் நுழைந்தது. சட்டையும் அதே பக்கம் இழுத்தது. அறிவாளியான நான், தொப்பியைப் பிடிக்க அந்தப் பக்கமாகவே ஒரு எட்டு வைத்தேன்.

பாய் என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் எனக்குக் கேட்காது. ஓடி வந்து பிடிக்கவும் தூரம் பத்தாது. அவர் ஹெட்செட்டில் கேப்டனிடம், "ரெண்டாம் நம்பர் இன்ஜின கட் பண்ணுங்க, ஆள் இருக்கு!" என்றார். கேப்டன் ஏன் என்று கேட்கவில்லை. உடனே நிறுத்தினார். ப்ளேனுக்குள் விளக்கெல்லாம் அணைந்து பயணிகள் கத்தியது பிறகுதான் எனக்குத் தெரியும். நான் இரண்டு கட்டைகளையும் கட்டிப்பிடித்துத் தரையில் உட்கார்ந்திருந்தேன். கட்டையைக் கீழே விடவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பாய் வந்தார்.

"உசுரோட இருக்கியாடா?"

"இருக்கேனுங் பாய்."

"தொப்பி?"

"உள்ளார போயிருச்சுங்."

"நீ போயிருந்தா உன்ற ஊட்டுக்கு நான் என்னத்தடா எடுத்துட்டுப் போறது?"

"எல்லாருக்கும் முந்தி நாந்தானுங் வந்தேன்" என்றேன். அவர் என் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

3. விசாரணை

என் வேலை போவது எனக்கே நியாயமாகப் பட்டது. ஆனால் சேர்த்துவிட்டவர் என்பதால் பாயின் வேலையும் போகும் என்று பேசிக்கொண்டார்கள்.

விசாரித்த அதிகாரி, "லைட் தெரிஞ்சுதா?" என்று கேட்டார்.

"தெரிஞ்சுதுங்க."

"அப்புறம் ஏன் ஓடினீங்க?"

"கண்ணு சொன்னதக் காலு கேக்கலீங்க. எங்க மலையில வண்டி நின்னா காலு தானா ஓடும். பாய் சரியாத்தான் சொல்லிக் குடுத்தாரு, அவரு மேல தப்பில்லீங்க. வேணும்னா என்ற கால எங்கியாச்சும் கட்டிப் போடுங்க."

அதிகாரி சிரித்துவிட்டார். பாயை விட்டுவிட்டார்கள். என்னை மறுபடி பயிற்சி வகுப்பில் உட்கார வைத்தார்கள். பிறகு ஒவ்வொரு ப்ளேன் நிற்கும் இடத்திலும் இறக்கைக்கு அப்பால் தரையில் மஞ்சள் கட்டம் அடித்தார்கள். கட்டை போடுகிறவன் கட்டையைக் கீழே வைத்துவிட்டு அதற்குள் நிற்க வேண்டும். ஹெட்செட்காரர் கை காட்டாமல் ஒரு கால்கூட வெளியே வரக்கூடாது. நான் வேலை பார்த்த வரைக்கும் அங்கே எவனும் முந்தி ஓடவில்லை.

இளவட்டங்களுக்கு நான் சொல்வது இதுதான். காதை நம்பாதே, விளக்கைப் பார். விளக்கு அணைந்தாலும் கை காட்டும் வரை நில். வேகம் பிறகு.

போன மாதம் பாய் போனில் கூப்பிட்டார். "வெள்ளையா, உன்ற கதைய இன்னும் க்ளாஸ்ல சொல்றாங்களாம்டா. நல்லவேள, பேரு போடல. 'ஒரு ஊழியர்'னுதான் இருக்குதாம். மானம் தப்பிச்சுது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மஞ்சள் கட்டத்துக்கு உத்தரவு போட்டவர் அதிகாரி. பூசியவர் பெயிண்டர். சரி, ஓடியது யார்? நான் ஓடாவிட்டால் கட்டம் ஏது? ஆகவே அந்த விமான நிலையத்தார் 'ஒரு ஊழியர்' என்பதை அடித்துவிட்டு, எடப்புளி நாடு சடையன் மகன் வெள்ளையன் என்று முழுப் பெயரையும் எழுத வேண்டும். பக்கத்தில் ஜப்பார் பாயின் பெயரும் வேண்டும். அது கொஞ்சம் பெரிய எழுத்தில் இருந்தாலும் நான் தகராறு செய்ய மாட்டேன்.