தங்கச்சிக்கு வந்த ரிப்பீட்

எங்கள் குடும்பத்தில் எந்தப் பிள்ளையாவது விஞ்ஞானி ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டால், உடனே போனில் என் சித்தப்பா மகளைப் பிடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். அவள் இப்போது வெளிநாட்டில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறாள். நன்றாகவே அறிவுரை சொல்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என்னை யாரும் கேட்பதில்லை. நான் விஞ்ஞானி இல்லைதான். ஆனால் விஞ்ஞானி ஆகாமல் போவது எப்படி என்று எனக்குத் தெரியும். அதுவும் பயன்படக்கூடிய அறிவுரைதானே?

அம்மாவின் நினைவில், நான் சொல்லப்போவது எங்கள் ஊர்ச் சாயப்பட்டறைகள் மூடிக்கிடந்தபோது நடந்தது. அது சரியில்லை. பட்டறைகளை மூடியது தையில். எங்கள் பள்ளி அறிவியல் கண்காட்சி அதற்கு முந்தைய கார்த்திகையில், ஒரு வெள்ளிக்கிழமை. மறுநாள் எங்கள் பனியன் கம்பெனியில் சம்பளம் போட வேண்டும், வர முடியாது என்று சொல்லிவிட்டு, அப்பா கடைசியில் வந்துவிட்டார். அதனால் கிழமையில் எனக்குச் சந்தேகமில்லை. நானும் அவளும் ஒரே வீட்டில் வளர்ந்தோம், இருவரும் எட்டாம் வகுப்பு. அவளைவிடச் சில மாதங்கள் மூத்தவன் என்பதால் நான் அண்ணன்.

கோவையிலிருந்து ஒரு பெண் விஞ்ஞானி நடுவராக வந்திருந்தார். ஒரே ஒரு பிள்ளையை மட்டும் அரையாண்டு விடுமுறையில் தம் ஆய்வுக்கூடத்துக்கு ஒரு நாள் அழைப்பதாகச் சொல்லியிருந்தார். அந்தப் பிள்ளை நான்தான் என்று முடிவு செய்து, வகுப்பில் பாதிப் பேரிடம் விடைபெற்றும் விட்டேன்.

அப்படி நம்பக் காரணம் இருந்தது. உடுமலைப்பேட்டை மாமா உதவியோடு நான் செய்திருந்த காற்றாலை அவ்வளவு அழகு. தெர்மாகோலில் மலை, அதன் அடியில் தென்னந்தோப்பு. டேபிள் ஃபேனைப் போட்டால் இறக்கை சுற்றி விளக்கு எரியும். அவளுடையதோ ஓர் அட்டையில் குத்திய பனியன் துணித் துண்டுகள். கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மேஜைக்கு அடியில் பொறுக்கியவை. பாதியை நல்ல தண்ணீரிலும் பாதியை உப்புத் தண்ணீரிலும் துவைத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு சுருங்கியது என்று அளந்து எழுதியிருந்தாள். உப்புத் தண்ணீரில் துவைத்த ஒரு துண்டு மட்டும் சுருங்குவதற்குப் பதிலாக நீண்டிருந்தது. அதையும் அப்படியே எழுதி வைத்திருந்தாள்.

துவைத்தால் நீளும் பனியனை எங்கள் ஊரில் யார் பார்த்திருக்கிறார்கள்? "ஏனம்மிணி, அந்தத் தண்ணில எம்பட பையனையும் கொஞ்சம் நனச்சுக் குடு. வளரவே மாட்டீங்கறான்" என்றார் ஒரு மாணவனின் அப்பா. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தது நான்தான்.

நடுவர் என் காற்றாலை சுற்றுவதைப் பார்த்தார். "அழகா செஞ்சிருக்கேப்பா" என்றார், நகர்ந்துவிட்டார். தங்கையின் அட்டை முன் நின்றவர் நகரவே இல்லை. இந்தத் துண்டு மட்டும் ஏன் நீண்டது என்று கேட்டார். அவள் தெரியாது என்றாள். அந்தப் பதிலுக்கு என் அளவில் பூஜ்யம்தான். அவரோ, "இதை ரிப்பீட் பண்ணணும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் வீட்டில் அது சாதாரணச் சொல் இல்லை. எங்களிடம் பனியன் வாங்கின பையரே அதே சரக்கை மறுபடி கேட்டால் அது ரிப்பீட் ஆர்டர். அப்பா அதைத் தவிர வேறெந்தப் பாராட்டையும் மதித்ததில்லை. அன்று சாப்பிடும்போது, "நம்ம அம்மிணிக்கு மொத எக்ஸிபிசன்லயே ரிப்பீட்டு" என்று அறிவித்தார்.

அவள் முகம் வாடியிருந்தது. "அப்படியில்லீங்க பெரீப்பா. தப்பா இருக்கும்னு மறுக்கா செய்யச் சொல்றாங்க."

"மறுக்கா கேக்கறதுதாங் கண்ணு ரிப்பீட்டு. தப்பா இருந்தா எவன் கேப்பான்?"

பிறகு என் பக்கம் திரும்பி, எனக்கு என்ன சொன்னார்கள் என்று கேட்டார். அழகாக இருக்கிறது என்றார்கள் என்றேன். அப்பா ரசத்தை ஊற்றிக்கொண்டார். அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போன பையர்களை அவர் நிறையப் பார்த்திருந்தார்.

அடுத்த நாளிலிருந்து அவள் மொட்டை மாடியில் துணி துவைக்க ஆரம்பித்தாள். எனக்கு யாரும் ரிப்பீட் கொடுக்காததால் நானே கொடுத்துக்கொண்டேன்: இன்னொரு காற்றாலை, அதே மலை, அதே தோப்பு. பசை காய்கிற நேரத்தில் மாடிக்குப் போய் அவள் துண்டுகளைப் பார்ப்பேன். எதுவும் நீளக் கூடாது என்று வேண்டிக்கொள்வேன். வேண்டுதல் பலித்தது, ஒன்றும் நீளவில்லை. அவள் அழுதாள். அழுதவளுக்கு அம்மா முறுக்கு கொடுத்தார். அதற்கும் எனக்கு வயிறு எரிந்தது.

கடைசியில் அவளே கண்டுபிடித்தாள். முதல் தடவை மற்றவற்றைத் தரையில் விரித்துக் காயவைத்தவள், அந்த ஒன்றை மட்டும் கிளிப் போட்டுக் கொடியில் தொங்கவிட்டிருக்கிறாள். ஈரத்தின் கனமே துணியை இழுத்துவிட்டது. உப்புத் தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முன்பு தான் எழுதியது தவறு என்று அவள் வீட்டிலும் வகுப்பிலும் தானாகவே சொல்லிக்கொண்டு திரிந்தாள். இவ்வளவு முட்டாளாக ஓர் எதிரி கிடைப்பாளா? என் இரண்டாவது காற்றாலையோ முதலாவதைப் போலவே பிசகில்லாமல் சுற்றியது.

விடுமுறைக்கு முந்தைய நாள், நடுவரின் ஆய்வுக்கூடத்துக்குப் போகும் பிள்ளையின் பெயரை அறிவியல் டீச்சர் சொன்னார். அவள் பெயர்.

நான் எழுந்து, "அவளோடது தப்புங்க டீச்சர். அவளே சொல்லிட்டா" என்றேன்.

"அதையேதாங் கண்ணு அவங்ககிட்டப் போன்ல சொன்னேன். கேட்டதும், அந்தப் புள்ளையவே அனுப்புங்கன்னுட்டாங்க."

டீச்சர் போனில் ஏதோ மாற்றிச் சொல்லியிருக்கிறார் என்று நினைத்தேன்.

மார்கழியில் ஒரு காலை, பொங்கலுக்கு எடுத்த புது உடுப்பைப் போட்டுக்கொண்டு சித்தப்பாவோடு அவள் பஸ் ஏறினாள். அன்று முழுவதும் நான் வெளியே விளையாடப் போகவில்லை. அவள் ராக்கெட்டைத் தொட்டுப் பார்க்கிறாள், கண்ணாடிக் குடுவையில் நீலப் புகை எழுகிறது, எல்லோரும் அவளுக்குக் கை கொடுக்கிறார்கள் என்று வரிசையாக மனதில் ஓடியது. பொழுது சாய்ந்து அவள் வந்ததும் கேட்டிலேயே மறித்து, என்ன பார்த்தாய் என்று கேட்டேன்.

"ஒரு மெஷினு தப்பாவே காட்டிட்டு இருந்துச்சுண்ணா. ஏன்னு ஒருத்தருக்கும் தெரியல. பொழுதுக்கும் அதையே திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்தாங்க. நானும் கூடவே நின்னேன்."

"அப்புறம்?"

"அப்புறமும் தெரியல."

ராக்கெட் இல்லை. புகை இல்லை. மத்தியானம் சாப்பிடக்கூட மறந்துவிட்டார்களாம். இதைச் சொல்லும்போது அவள் முகம் தேர் பார்த்துவிட்டு வந்தவள் முகம்போல இருந்தது. பஸ்ஸில் வந்த களைப்பு என்று எடுத்துக்கொண்டேன். இதற்காகவா இத்தனை நாள் வெந்துகொண்டிருந்தோம் என்று மனசு லேசாகிவிட்டது. பாவம், புது உடுப்பும் வீண் என்று அவளுக்காக வருத்தப்பட்டேன். பொறாமைப்பட ஆரம்பித்திருக்க வேண்டிய நாளில் அதை விட்டுவிட்டு, வயிறு நிறையத் தோசை சாப்பிட்டேன்.