பின்கேட்டில் ஒரு சுண்ணாம்புக் கோடு

டொக்... டொக்... டொக்.

பலாக்காயை விரல் முட்டியால் தட்டி, காதை ஒட்டவைத்துக் கேட்கும் சத்தம். நெய்வேலி குவார்ட்டர்ஸில் இருந்தவர்களுக்கு ஏப்ரல் என்றாலே இதுதான் ஞாபகம் வரும். தோட்டத்தில் வீட்டுக்கு ஒரு பலாமரமாவது இருக்கும். சுற்று ஊர்களிலிருந்து வியாபாரிகள் வந்து, காயாக இருக்கும்போதே மரத்தை விலை பேசிவைத்துவிட்டுப் போவார்கள். பேசிய வீடு என்பதற்கு அடையாளம், பின்கேட்டில் சுண்ணாம்பால் ஒரு கோடு.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்தக் கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

2017 என்று நினைக்கிறேன். கணவருக்கு மைன்ஸில் வேலை பெர்மனென்ட் ஆகி, குவார்ட்டர்ஸ் கிடைத்து இரண்டே மாதம். மகள் நித்யாவுக்கு ஐந்து வயது. என் கையில் புது ஸ்மார்ட்போன். பிளாக் லேடீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் முதல் குட்மார்னிங் என்னுடையதுதான். அவ்வளவு முந்திரிக்கொட்டை நான்.

அந்த வாரம் குரூப் முழுக்கப் பிள்ளை பிடிக்கிறவர்கள் பேச்சு. யாரோ அழுகிற வாய்ஸ் மெசேஜ், எந்த ஊர் என்றே தெரியாத வீடியோ... எல்லாவற்றையும் பார்த்தேன். எல்லாவற்றையும் நாலு பேருக்கு அனுப்பினேன். அனுப்பாவிட்டால் ஏதோ பாவம் செய்ததுபோல இருக்கும்.

ஒருநாள் மத்தியானம். சமையலறை ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், பின்கேட்டில் கைலி கட்டிய ஒரு ஆள். கையில் சுண்ணாம்பு. கேட்டில் கோடு போட்டுவிட்டு, குனிந்து நித்யாவிடம் மெதுவான குரலில் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் முதலில் செய்தது என்ன தெரியுமா? போட்டோ எடுத்தேன். அதற்குப் பிறகுதான் ஓடிப்போய் மகளை உள்ளே இழுத்தேன். இதை எழுதும்போதே கூசுகிறது.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கதவைச் சாத்திவிட்டு, போட்டோவைக் குரூப்பில் போட்டு அதன் கீழே டைப் செய்தேன்.

"உஷார்!!! வீட்டுக்கு வீடு கோடு போட்டு குறி வைக்கிறான். குழந்தைகளை வெளியே விடாதீங்க. எல்லா குரூப்புக்கும் அனுப்புங்க, ஒரு உயிரைக் காப்பாத்துங்க!!!"

அவ்வளவுதான். கட்டைவிரலும் கைதட்டலுமாக வந்து குவிந்தது. 'சூப்பர் சிஸ்டர்', 'தைரியசாலி'... உள்ளுக்குள் ஜிலுஜிலு என்று இருந்தது.

நாலரை மணிக்குப் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா, போனைப் பிடித்தபடி வேகமாக வந்தார்.

"ஏய், இது நம்ம சவரிமுத்தண்ணன்டி! வருஷா வருஷம் பலா மரம் பேச வர்றவரு. நைட் ஷிப்ட் பாத்தவங்க தூங்குவாங்கன்னு பெல்லு கூட அடிக்க மாட்டாரு, பின்பக்கமா வந்து மெதுவாத்தான் கூப்புடுவாரு. மொதல்ல தப்புன்னு குரூப்ல போடு!"

"போட்டுர்றேங்க்கா" என்றேன்.

போடவில்லை.

அனுப்பியதை அழிக்கும் வசதி அப்போது கிடையாது. ஆனால் ஒரே ஒரு வரி டைப் செய்திருக்கலாம். அத்தனை கைதட்டலுக்குக் கீழே 'ஸாரி, என் தப்பு' என்று எப்படிப் போடுவது என்று யோசித்தேன். அந்த நேரம் பார்த்து வேலை முடிந்து வந்த கணவர், "கம்பெனி பஸ்ல உன் மெசேஜ் பத்திதான் பேச்சு" என்று சிரித்தார். சரி, காபி குடித்துவிட்டுப் போடலாம் என்று இருந்துவிட்டேன்.

காபி குடித்து முடிப்பதற்குள், இரண்டு பிளாக் தள்ளி அவரைப் பிடித்துவிட்டார்கள். சைக்கிளோடு கீழே தள்ளி அடித்திருக்கிறார்கள். ஸ்டெல்லா அக்காதான் ஸ்கூட்டியில் போய், குறுக்கே விழுந்து தடுத்து, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

மறுநாள் அக்காவோடு பார்க்கப் போனேன். வலது காதில் கட்டு. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.

"அந்த வூட்டுல எப்பவும் நான்தாங்க காய் எடுப்பேன். பழக்கத்துல கோடு போட்டுட்டேன். அப்புறம்தான் குடி வந்தவங்க புதுசுன்னு தெரிஞ்சிது. அம்மா இருக்காங்களான்னு பாப்பாவக் கேட்டுகினு இருந்தேன்... யாரோ போட்டோ புடிச்சி போட்டுட்டாங்களாம்" என்றார். முந்தின நாள் கதவைச் சாத்தியவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. "நீங்க யாருங்கம்மா?"

"அக்காவுக்குப் பக்கத்துல இருக்கோம்" என்றேன்.

ஸ்டெல்லா அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அடித்திருந்தால்கூடத் தேவலாம் போல இருந்தது.

அடுத்த வருடம் அவர் வரவில்லை. அந்தக் காது சரியாகக் கேட்கவில்லையாம். தட்டிப் பார்த்து முற்றலா பிஞ்சா என்று சொல்ல முடியாமல் தொழிலையே விட்டுவிட்டார் என்று அக்கா சொன்னார். எங்கள் மரத்துக் காயெல்லாம் பழுத்து விழுந்து, தோட்டமே ஈ மொய்த்துக் கிடந்தது. நான் கூட்டித் தள்ளினேன். அப்போதும் குரூப்பில் நான் ஒன்றும் எழுதவில்லை.

இப்போது வேறு ஊர், அப்பார்ட்மென்ட் வாழ்க்கை. பலாச்சுளை டப்பாவில் வருகிறது. எது வந்தாலும் உண்மையா என்று பாருங்கள் என்று சொந்தக்காரர்களுக்கு நான்தான் பாடம் எடுக்கிறேன்!

போன வாரம் குடும்ப குரூப்பில் சித்தி மகன் ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். ஊர்ப் பெயர் மட்டும் வேறு. அதே வரிகள், அதே மூன்று ஆச்சரியக்குறி.

எட்டாவது படிக்கும் நித்யா என் போனை வாங்கிப் பார்த்தாள். "அம்மா, இது நம்ம பழைய வீட்டு கேட்டுதான? அந்தப் பாப்பா நான்தான? யாரும்மா இத எடுத்தது?"

"நான்தான்" என்றேன்.

போனை என் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அன்றைக்குக் காபி ஆறுவதற்குள் போட்டிருக்க வேண்டிய வரியை இன்றைக்குப் போடுகிறேன். அந்த போட்டோ உங்களுக்கும் வந்தால், தயவுசெய்து அதன் கீழே இதைப் போடுங்கள்.

அவர் பெயர் சவரிமுத்து. பலாக்காய் பார்க்க வந்தவர்.