மேலே அபிஷேகம், கீழே அடைப்பு

அப்போது விருத்தாசலத்தில் ஒரு மாடி வீட்டின் கீழ்ப் பகுதியில் நானும் மனைவியும் வாடகைக்கு இருந்தோம். பீங்கான் பொம்மை செய்வது என் தொழில். மண்ணைக் கூழாகக் கரைத்து அச்சில் ஊற்றிப் பிள்ளையார் எடுப்பேன். மிஞ்சிய கூழைக் குளியலறையில் கொட்டிக் கழுவிவிடுவேன். அது எங்கே போகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

ஒரு காலை அது திரும்பி வந்தது. மாடியில் வீட்டுக்காரர் பூசையில் இருந்தார். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். சாமிக்குப் பால், நெய், எண்ணெய் என்று அபிஷேகம் முடிக்காமல் காபி குடிக்க மாட்டார். அவர் மேலே ஊற்ற ஊற்ற, என் குளியலறை ஓட்டையில் வெள்ளையாகப் பொங்கியது. ஒரு துளசி இலை என் கணுக்காலில் ஒட்டிக்கொண்டது. பாதி அபிஷேகம் எனக்குத்தான் நடந்தது. நாற்றம் மட்டும் தெய்வீகமாக இல்லை.

வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கி வந்தார்.

“எல்லாம் உன் மண்ணுதாம்பா. பைப்புலயே பொம்ம செய்றியா?”

“கொஞ்சூண்டுதாங்க ஊத்துவேன்” என்று புளுகினேன்.

ரோஷத்தில் ஒரு மூங்கில் பிளாச்சை உள்ளே விட்டுக் குத்தினேன். அது ஒடிந்து உள்ளேயே நின்றது.

மூன்றாம் நாள் அடைப்பு எடுக்கும் மிஷின்காரர் வந்தார். கொல்லைப்புறத் தொட்டியின் மூடியைத் திறந்து, மோட்டாரில் சுழலும் நீளமான ஸ்பிரிங் கம்பியைக் குழாய்க்குள் செலுத்தினார். முதலில் என் மூங்கில் வந்தது. அடுத்து ஒரு கொத்துத் தலைமுடி. என் மனைவி வானத்தைப் பார்த்தாள். பிறகு வெள்ளைக் கட்டி. வீட்டுக்காரர் முகம் மலர்ந்தது.

மிஷின்காரர் கையுறையோடு கட்டியைப் பிட்டுப் பார்த்தார். “வெறும் மண்ணுன்னா இந்த அளவுக்கு இறுகாதுங்க. நெய்யும் எண்ணெயும் உறைஞ்சி மண்ணப் புடிச்சிக்கிட்டிருக்குது. பூ நாரு வேற. யாரு வூட்டுல இவ்ளோ பூச?”

எல்லோரும் மாடியைப் பார்த்தோம்.

“சாமிக்கு ஊத்துனது எப்படிப்பா அடைக்கும்?” என்றார் வீட்டுக்காரர்.

“பைப்புக்கு அது எண்ணெய்தாங்க.”

பிறகு ஹோஸை விட்டு வேகமாகத் தண்ணீர் அடித்தார். குழாய் பெரிதாக ஏப்பம் விட்டது. தேங்கியதெல்லாம் மடமடவென்று இறங்கியது. வீட்டுக்காரர் பழக்கதோஷத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“மண்ணுத் தண்ணிய வாளியில தெளிய வுடுங்க, அடியில தங்குற மண்ண வாரிக் குப்பையில போடுங்க” என்று எனக்குச் சொன்னார் மிஷின்காரர். அபிஷேகத் தண்ணீரைச் செம்பருத்திச் செடிக்கு ஊற்றச் சொன்னார். இருவரும் அப்படியே செய்தோம். செடியில் எறும்புதான் அதிகமானது.

மறுநாள் வீட்டுக்காரர் ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கலோடு வந்தார்.

“சாப்புடு. ஆனா மண்ணும் இருந்துச்சுப்பா.”

“வாளி வாளியா ஊத்துனேங்க” என்று ஒப்புக்கொண்டேன்.

அவர் சிரித்துவிட்டார். பொங்கலில் முந்திரி நிறைய இருந்தது.