கத்தின மாஸ்டரும் கத்தாத மாஸ்டரும்

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கோழி கிண்டின முற்றம் போலத்தான் இருக்கும். ரகரமும் றகரமும் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். நீங்களே பிடித்து உரிய இடத்தில் இருத்திவிடுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பேசவும் வெட்கம், எழுதவும் வெட்கம். ஆனாலும் போன கிழமையிலிருந்து என் கால் ஓரிடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது. எழுதினாலாவது அடங்குமோ என்று பார்க்கிறேன்.

நடந்தது இதுதான். லண்டன் லூயிஷாமில் சிவன் கோவிலுக்குப் போய்விட்டு பஸ்ஸுக்கு நின்றேன். பஸ் தரிப்புக்குப் பின்னால் கம்பிவேலி, வேலிக்கு அப்பால் சின்னதாக ஒரு மைதானம். அங்கே ஒருவர் பந்து விளையாடுகிற பெடியன்களைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். பந்து அந்தப் பக்கம் போனது. நானும் போனேன். பந்து இந்தப் பக்கம் வந்தது. நானும் வந்தேன், நண்டு போலப் பக்கவாட்டில். வரிசையில் நின்ற வெள்ளைக்காரக் கிழவி தன் சாமான் வண்டியை இழுத்து எனக்கு வழிவிட்டு, "ஆர் யூ ஆல்ரைட், லவ்?" என்று கேட்டார். தலையை ஆட்டிவிட்டு, பஸ் வந்ததும் மேல் தட்டில் போய் ஒளிந்துகொண்டேன்.

அந்த மைதானத்துப் பக்கமிருந்து புல் வெட்டின வாசம் வந்தது. எனக்குப் புல் வெட்டின வாசம் வந்தால் கூடவே மட்டன் ரோல்ஸ் பொரிகிற எண்ணெய் வாசமும் வரும். இரண்டையும் பிரிக்க ஏலாது. கோடைகாலத்தில் எங்கள் ஆட்கள் கவுன்சில் மைதானத்தை வாடகைக்கு எடுத்து நடத்தின உதைபந்தாட்டப் போட்டிகளின் வாசம் அது. எங்கள் ஊரில் பெரிய பள்ளிக்கூடங்களுக்குக் கல்லூரி என்றுதான் பெயர். ஒவ்வொரு கல்லூரிக்கும் லண்டனில் ஒரு பழைய மாணவர் சங்கம், ஒவ்வொரு சங்கத்துக்கும் ஓர் அணி. தகப்பன் படித்த கல்லூரிக்காக லண்டனில் பிறந்த பிள்ளை விளையாடும். அந்தக் கல்லூரி எந்தத் திசையில் இருக்கிறதென்றுகூடப் பிள்ளைக்குத் தெரியாது, ஆனால் தோற்றால் அழும்.

நான் அப்போது லண்டனின் கிழக்கே ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு பலசரக்குக் கடையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். கூட இருந்த நண்பன் கொத்துரொட்டி தின்னலாம் என்று சொல்லித்தான் என்னை மைதானத்துக்குக் கூட்டிப்போனான். போய் ரொட்டிக்கு வரிசையில் நிற்கும்போது, கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட ஒருவர் வேர்த்து விறுவிறுத்து வந்தார்.

"தம்பி, நீர் எந்தக் கல்லூரி?"

"ஒண்டும் இல்லை அண்ணை."

"ஒண்டும் இல்லையெண்டால்? எங்கையாவது படிச்சிருப்பீர்தானே."

"அஞ்சாம் வகுப்பு மட்டும்தான்."

அவர் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். என் படிப்பைக் கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. "இஞ்சை ஓடியாங்கோ! ஆள் கிடைச்சிட்டுது! ஒரு கல்லூரியும் இல்லாத ஆள்!" என்று கூட்டத்தைப் பார்த்துச் சத்தம் போட்டார். விஷயம் என்னவென்றால், கோட்டோரம் கொடி பிடித்து ஓட ஒருவர் வேண்டும். யாரைப் பிடித்தாலும், அவன் உங்கட கல்லூரி, இவன் உங்கட மச்சான் என்று சண்டை வருமாம். ரொட்டி வருவதற்குள் என் கையில் மஞ்சள் துணி கட்டின தடியைத் தந்துவிட்டார்கள். மற்றப் பக்கத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. அதனால் பயிற்சியாளர்கள் நிற்கிற பக்கத்தில் முழு நீளத்துக்கும் நானே ஓடினேன். அப்படியே வருஷக்கணக்காக ஓடினேன்.

இரண்டு கல்லூரிகளின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் இரண்டு பக்கத்தாரும் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். சிவப்புச் சட்டை, நீலச் சட்டை என்று வைத்துக்கொள்வோம். சிவப்புக்குப் பயிற்சி கொடுத்தவர் சூசை மாஸ்டர், ஊரில் விளையாட்டு ஆசிரியராக இருந்தவர். நீலத்துக்கு நடேசு மாஸ்டர், ஊரில் கணக்குப் படிப்பித்தவர். இரண்டு பேரும் ஊரிலேயே ஒருவரையொருவர் தோற்கடித்துக் கொண்டிருந்தவர்கள். லண்டனுக்கு வந்து அதைத் தொடர்ந்தார்கள்.

சூசை மாஸ்டரைப் பார்க்க ஆட்கள் தனியாக வருவார்கள். பந்து உருளத் தொடங்கினால் அவரும் உருளுவார். தொப்பியைக் கழற்றி நிலத்தில் அடிப்பார், அதையே மிதிப்பார், பிறகு தட்டிப் போட்டுக்கொள்வார். கோல் வாங்கினால் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "மாதாவே, இந்த மாடுகளை எனக்கு ஏன் தந்தனீ?" என்று மேகத்தைக் கேட்பார். அவர் தமிழில்தான் கத்துவார். "பின்னுக்கு வாடா", "ஆளைப் பிடி", "உருட்டு, உருட்டு". அந்தப் பெடியன்களில் சிலருக்கு மொத்தமாகத் தெரிந்த தமிழே அவ்வளவுதான்.

நடேசு மாஸ்டர் வாய் திறக்கமாட்டார். கோட், கழுத்தில் ரை, கையில் நீளக் கறுப்புக் குடை. கோல் போட்டாலும் வாங்கினாலும் பாஸ்போர்ட் படத்துக்கு இருந்த முகம். ஆட்கள் அவரை, "கல்லுப் பிள்ளையார்" என்பார்கள். ஆனால் அவருக்குப் பக்கத்தால் ஓடினவன் நான். குடையின் கூர்முனையால் புல்லைக் குத்திக்கொண்டே நிற்பார். பந்து தன் கோல் பக்கம் வந்தால் குத்து வேகமாகும். ஆட்டம் முடிந்து பார்த்தால் அவர் நின்ற இடம் கிழங்கு கிண்டின தோட்டம் மாதிரிக் கிடக்கும். கத்தி முடித்த சூசை மாஸ்டர் சிரித்துக்கொண்டு ரோல்ஸ் தின்னப் போவார். இவர் வெகுநேரம் குடை முனையில் ஒட்டின மண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்பார்.

ஆட்டத்துக்கு முன் இரண்டு பேரும் கைகொடுக்கும்போது கொஞ்சம் கதைப்பார்கள்.

"என்ன காணும் நடேசர், குடையோட வந்திருக்கிறீர்? எங்கட கோல் மழைக்கோ?"

"இல்லை மாஸ்டர். நீர் கத்தேக்கை எச்சில் தெறிக்கும். அதுக்கு."

நான் வெட்கம் பிடித்த ஆள். கடையில் யாராவது வரிசையை மீறினால்கூட "எக்ஸ்கியூஸ் மீ" என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது. முதலாளி என்மேல் பாய்ந்தால் அரிசி மூட்டையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அதனாலோ என்னவோ, சூசை மாஸ்டர் கத்துகிற நேரம் எனக்கு நெஞ்சு லேசாகும். நான் விழுங்கினதையும் சேர்த்து அவர் கத்துகிறார் என்று தோன்றும். நடேசு மாஸ்டருக்குப் பக்கத்தால் போகும்போதுதான், இந்த ஆளும் என்னைப் போல என்று நினைத்து நடையைக் கொஞ்சம் மெதுவாக்குவேன்.

பொறுங்கள், எழும்பி வீட்டுக்குள் ஒரு சுற்று நடந்துவிட்டு வருகிறேன். இருந்து எழுதுகிற கதையில்லை இது.

ஒரு வருஷம் சூசை மாஸ்டருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் தமிழ்நாட்டு டாக்டர் அம்மா ஒருவர், "சார், இனிமே நீங்க கத்தக் கூடாது, டென்ஷனே ஆகக் கூடாது, சொல்லிட்டேன்" என்று சொல்லி அனுப்பினாராம். மாஸ்டர் இதை எல்லோருக்கும் கத்திக் கத்திச் சொன்னார். அவருடைய மனைவி திரேசா அக்கா விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. அந்தக் கோடையில் மடக்குக் கதிரையைக் கொண்டுவந்து கோட்டோரம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இஞ்சேருங்கோ, உங்கட வாயிலையிருந்து ஒரு சத்தம் கேட்டுதெண்டால் கையிலை பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போயிடுவன். பிறகு இந்த மைதானத்துப் பக்கம் தலை காட்ட ஏலாது. விளங்கிச்சுதோ?"

"ஓம்" என்றார் மாஸ்டர், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

சின்ன அணிகளோடு விளையாடும் வரைக்கும் சமாளித்தார். இறுதி ஆட்டத்தில் நீலச் சட்டை வந்து நின்றது. இடைவேளைக்கு முன்பே நீலம் ஒரு கோல் போட்டுவிட்டது. சிவப்புப் பெடியன்கள் திருவிழாவில் தாய் தகப்பனைத் தவறவிட்ட பிள்ளைகள் போல ஓடினார்கள். பந்து காலுக்கு வந்தவுடன் கோட்டோரம் திரும்பிப் பார்ப்பார்கள். அங்கே மாஸ்டர் வேர்வை துடைக்கிற கைலேஞ்சியை வாய்க்குள் திணித்துக்கொண்டு நிற்பார். அதற்குள் பந்து பறிபோய்விடும். பேசாமல் இருந்தால் நெஞ்சுக்கு நல்லது என்று டாக்டர் சொன்னார். எனக்கு அப்படித் தெரியவில்லை. முகம் பீற்றூட் நிறத்துக்கு வந்துவிட்டது, கழுத்து நரம்பு கயிறு மாதிரிப் புடைத்தது. ஒருதரம் வாயைத் திறந்தேவிட்டார். திரேசா அக்கா கதிரையில் அசைந்தார். வாய் மூடிக்கொண்டது. கை நெஞ்சுக்குப் போனது.

நான் ஓடிக்கொண்டே நடேசு மாஸ்டரைப் பார்த்தேன். அவர் பந்தைப் பார்க்கவில்லை. சூசை மாஸ்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். குடை குத்துகிற குத்தில் மண் பறந்தது. திடீரென்று குடையை நட்ட இடத்திலேயே விட்டுவிட்டு விறுவிறென்று நடந்து சிவப்புப் பக்கம் போனார். அத்தனை வருஷத்தில் நடுக்கோட்டைத் தாண்டி அவர் அந்தப் பக்கம் காலெடுத்து வைத்ததை நான் கண்டதில்லை.

"நீர் சொல்லும். நான் கத்துறன்."

சூசை மாஸ்டர் லேஞ்சியை வெளியே எடுத்தார். "என்ன காணும்?"

"காதுக்குள்ளை மெல்லமாச் சொல்லும் எண்டுறன். வாயைப் பிளந்து செத்துத் துலைஞ்சீர் எண்டால் வாற வருஷம் நான் ஆரை வெல்லுறது?"

சூசை மாஸ்டர் ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு குனிந்து ஏதோ முணுமுணுத்தார். நடேசு மாஸ்டர் மூச்சை இழுத்து வாயைத் திறந்தார். முதலில் வெறும் காற்றுத்தான் வந்தது. இரண்டாம் தரம் துருப்பிடித்த படலைக் கதவு திறந்த மாதிரி ஒரு குரல்.

"டேய் நெட்டையா! பின்னுக்கு வாடா!"

மைதானமே நின்றுவிட்டது. நெட்டையன் பயந்து பின்னுக்கு ஓடினான். நீலத்தின் கப்டன் கையை விரித்து, "மாஸ்டர், வாட் ஆர் யூ டூயிங்?" என்றான். நீலச் சங்கத்துச் செயலாளர் வயிறு குலுங்க ஓடிவந்தார்.

"மாஸ்டர், உங்களுக்கென்ன விசரோ?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை. சொல்லுறது அவர். சத்தம் மட்டும்தான் என்ரை. தள்ளி நில்லும், மறைக்குது."

திரேசா அக்கா எழும்பிவிட்டார். சத்தம் கேட்டால் கூட்டிக்கொண்டு போவேன் என்றவர், இது யாருடைய சத்தம் என்று பிடிபடாமல் நின்றார். கடைசியில் என்னைப் பார்த்தார். நான்தானே ஒரு கல்லூரியும் இல்லாதவன்.

"தம்பி, நீர் சொல்லும். இதிலை ஆர் கத்துறது?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது. "நடேசு மாஸ்டர்தான் அக்கா" என்றேன்.

"அப்ப சரி" என்று உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எப்படி எழுதுவது? இரண்டு தலையும் முட்டிக்கொண்டு நின்றன. ஒன்று கிசுகிசுத்தது, மற்றது கத்தியது. "ஆளைப் பிடி! உருட்டு! மாடே, உருட்டு!" மாட்டை அவர் சொல்லச் சொன்னாரா, இவராகச் சேர்த்தாரா என்று எனக்குத் தெரியாது. பெடியன்களுக்கு உயிர் வந்துவிட்டது. ஆட்டம் முடிகிற நேரம் இடது பக்கத்தால் ஒருவன் கொண்டுவந்து கொடுக்க, நெட்டையன் தலையால் போட்டான்.

"கோல்!" என்று இரண்டு கையையும் தூக்கித் துள்ளினார் நடேசு மாஸ்டர்.

தன்னுடைய அணிக்கு எதிராக விழுந்த கோல் அது. சூசை மாஸ்டர் லேஞ்சியைக் கடித்துக்கொண்டு அழுதார், சத்தமில்லாமல். நடேசு மாஸ்டர் மேலே நின்ற தன் கைகளை யாரோ களவாகப் பொருத்திவிட்ட கைகள் மாதிரிப் பார்த்தார். மெதுவாக இறக்கிக் கோட் பைக்குள் போட்டுக்கொண்டார். திரும்பி நடந்து தன் இடத்தில் போய் நின்றார். மேலதிக நேரத்தில் சிவப்பு வென்றது. நீலச் சங்கத்துக் கூட்டத்தில் அவரைத் தின்றே விட்டார்களாம். ஆனால் சனிக்கிழமை காலையில் எழும்பிப் போய்ப் பயிற்சி கொடுக்க வேறு யாரும் முன்வராததால் அவரையே வைத்துக்கொண்டார்கள்.

அந்த மாரிக் குளிரில் சூசை மாஸ்டர் போய்விட்டார். கத்தினதால் அல்ல, நித்திரையில். திரேசா அக்கா மாதா கோவில் வாசலில் என்னைக் கண்டு, "வாற வருஷம் கத்த விடுறனெண்டு சொல்லியிருந்தனான் தம்பி, அவர் சொன்னபடி ஒரு சத்தமும் போடேல்லைத்தானே" என்றார். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

அடுத்த கோடையில் சிவப்புக்கு ஒரு புதுப் பயிற்சியாளர் வந்தார். கம்ப்யூட்டர் வேலை, நல்ல பிள்ளை. நீலம் கோல் போட்டபோது அவரும் கைதட்டினார். நடேசு மாஸ்டரிடம் வந்து, "வெல் பிளேட், அங்கிள்" என்றார். மாஸ்டர் தலையை ஆட்டினார். இடைவேளைக்கு விசில் ஊதியதும் கோட்டின் பொத்தான்களைப் பூட்டத் தொடங்கினார். நீலம் வென்றுகொண்டிருந்தது.

"மிச்சம் பாக்கேல்லையோ மாஸ்டர்?" என்று கேட்டேன்.

"குளிருது தம்பி. நான் போறன்."

ஆட்கள் சட்டையைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்த வெயில் அது. அவர் வாசல் மட்டும் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு மைதானத்துக்கு அவர் வரவில்லை. கொஞ்சக் காலத்தில் நானும் கொடியைக் கொடுத்துவிட்டேன்.

போன கிழமை பஸ்ஸால் இறங்கியும் கால் அடங்காததால், ஞாயிற்றுக்கிழமை அந்தப் போட்டியைப் பார்க்கப் போனேன். இப்போது செயற்கைப் புல், வெட்டின வாசம் இல்லை. கொடிக்குச் சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறார்கள். பயிற்சியாளர்கள் ஆளுக்கொரு கூரைக்குக் கீழே இருந்து பலகை மாதிரி ஒன்றில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். அன்றும் சிவப்பும் நீலமும்தான். முடிந்ததும் இரண்டு பேரும் கைகொடுத்தார்கள், சிரித்தார்கள், தங்கள் தங்கள் காருக்குப் போனார்கள். ஒருவரில் ஒருவருக்குக் கோபமே இல்லை. கோபம் வருகிற அளவுக்கு அவர்களுக்கு ஒருவரையொருவர் தெரியாது.

எழுதி முடித்தது, ஆவணி மாதம், சனிக்கிழமை காலை.