நாற்பத்து மூன்று மாடுகளும் ஒரு செமஸ்டரும்

வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் இசை படிக்கப் போகும் மாணவர்கள் மூன்று பேர் இந்த மாதம் எனக்கு மின்னஞ்சல் எழுதியிருந்தார்கள். விசா, பெட்டியின் எடை, குளிர், எல்லாம் கேட்டிருந்தார்கள். அங்கே எங்கே உட்கார்ந்து வாசிப்பது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. 1998 ஆகஸ்டில் டெக்சஸுக்குக் கிளம்பியபோது எனக்கும் அது தோன்றவில்லை. என்னுடையது நாகஸ்வரம். தோன்றியிருக்க வேண்டும்.

அப்போது எனக்கு இருபத்தோரு வயது. அரசு இசைக் கல்லூரியில் இறுதி ஆண்டு. ஆஸ்டினில் ஒரு பல்கலைக்கழகம் பரிமாற்றத் திட்டத்தில் ஓர் இடம் தந்தது. சென்னை, பிராங்க்பர்ட், சிகாகோ, ஆஸ்டின் என்று காத்திருப்பெல்லாம் சேர்த்து இருபத்தேழு மணி நேரம். டிக்கெட் ஐம்பத்திரண்டாயிரம் ரூபாய். கல்லூரி பாதி, அப்பா பாதி.

சிகாகோ சுங்கத்தில் நாகஸ்வரத்தை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சிக்கியது சீவாளி. வாத்தியத்தின் வாயில் செருகி ஊதும் நாணல் துண்டுதான் சீவாளி, பன்னிரண்டு கொண்டுபோயிருந்தேன். அதிகாரி ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“இது செடியா?”

“ஒரு காலத்தில் செடி.”

“முளைக்குமா?”

“முளைக்காது சார், சத்தம்தான் போடும்.”

செய்து காட்டச் சொன்னார். வாத்தியம் இல்லாமல் சீவாளியை மட்டும் ஊதினால் வாத்து கத்துவது போல இருக்கும். ஊதினேன். வரிசையில் இருந்த இருநூறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அதிகாரி பன்னிரண்டையும் அவசரமாகப் பையில் போட்டு, “போங்க, போங்க” என்பது போலக் கையசைத்தார். இருபது நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள் இதற்கு.

நான் தங்கியது ஆஸ்டினிலிருந்து இருபது மைல் வடக்கே ரவுண்ட் ராக்கில், கோபிச்செட்டிபாளையத்துக்காரர்களான சண்முகம், சரஸ்வதி தம்பதியின் வீட்டில். எங்கள் கல்லூரி ஆசிரியர் ஒருவருக்கு அவர்கள் தூரத்து உறவு. சண்முகம் அண்ணனுக்கு ஆஸ்டினில் கம்ப்யூட்டர் வேலை. சரஸ்வதிக்கு முப்பத்திரண்டு வயது. முதல் நாள் நான் “ஆன்ட்டி” என்று கூப்பிட்டதும், “இன்னொருக்கா ஆன்ட்டின்னா ஏர்போர்ட்லயே கொண்டுபோய் விட்டுருவேன், அக்கான்னு சொல்லு” என்றாள். அக்கா ஆகிவிட்டாள்.

திங்கள், புதன், வெள்ளி எனக்கு வகுப்பு. காலை ஏழு மணிக்கு அண்ணனோடு காரில் போய் மாலை ஆறுக்குத் திரும்புவேன். மற்ற நாட்களில் நானும் அக்காவும் வீட்டோடு. பஸ் கிடையாது. நடந்து போனால் பக்கத்தில் போகும் கார்கள் நிறுத்தி, உதவி வேண்டுமா என்று கேட்கும். கராஜில் அக்காவுக்காக வாங்கிய பழைய கார் ஒன்று எட்டு மாதமாக அசையாமல் நின்றது. டிரைவிங் டெஸ்ட்டில் அக்கா இரண்டு முறை தோற்றிருந்தாள்.

பல்கலைக்கழகத்தில் பயிற்சி அறைகள் இருந்தன. ஒவ்வொன்றும் நம் ஊர் எஸ்.டி.டி. பூத் அளவு. உள்ளே கதவை மூடிக்கொண்டு நாகஸ்வரம் வாசித்தால் முதலில் செவிடாவது வாசிப்பவர்தான். இரண்டாம் நாள் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: “மிக அழகான இசை. தயவுசெய்து எப்போது முடியும் என்று சொல்ல முடியுமா?” நாலாம் நாள் ஆறு சீட்டுகள். அலுவலகத்தில் வாரத்துக்கு மொத்தம் ஒரு மணி நேரம்தான் தந்தார்கள்.

இது சிரிப்பாகப் போய்விடும் விஷயமில்லை. செமஸ்டர் முடிவில் மூன்று பேராசிரியர்கள் முன்னால் முப்பது நிமிடம் தனியாக வாசித்துக் காட்ட வேண்டும். தேறாவிட்டால் மதிப்பெண் கிடையாது. மதிப்பெண் இல்லாமல் ஊர் திரும்பினால் எனக்கு ஒரு வருடம் போகும். நாகஸ்வரத்தில் பத்து நாள் விட்டாலே உதடு தளர்ந்துவிடும், மூச்சு குறைந்துவிடும்.

ஆகவே வீட்டில் வாசித்தேன். செப்டம்பர் முதல் செவ்வாய், காலை பதினொன்றரைக்குத் தொடங்கினேன். பன்னிரண்டுக்குள் வாசலில் போலீஸ் கார். உயரமான அதிகாரி, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மிகவும் தணிந்த குரலில் கேட்டார்: “வீட்டில் யாருக்காவது அடிபட்டிருக்கிறதா?”

அக்கா என்னை முன்னால் தள்ளினாள். நான் வாத்தியத்தைக் காட்டி, எங்கள் ஊரில் இது இல்லாமல் கல்யாணமே நடக்காது என்று விளக்கினேன். அவர் கொஞ்சம் யோசித்தார். “இன்று யாருக்குக் கல்யாணம்?” என்றார். யாருக்கும் இல்லை என்றதும், அப்படியானால் வாசிக்க வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை அண்ணன் சோபாவில் அப்படியே சாய்ந்துவிட்டார். “போலீசா? நம்ம வீட்டுக்கா? கிரீன் கார்டு ப்ராசஸ்ல இருக்கும்மா! நாளைக்கு இன்டர்வியூல கேப்பான், வீட்ல என்ன சத்தம்னு!”

“ஏனுங்க, நாயனம் ஊதுனா கிரீன் கார்டு குடுக்க மாட்டாங்களா?” என்றாள் அக்கா.

“நீ சும்மா இரு. ரிஸ்க் எடுக்க முடியாது.”

நாகஸ்வரம் பெட்டிக்குள் போனது. மறு செவ்வாய் கராஜில் நின்ற காருக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்துப் பார்த்தேன். டெக்சஸ் செப்டம்பர் வெயில், முப்பத்தெட்டு டிகிரி. ஒரு கீர்த்தனையின் அனுபல்லவி வருவதற்குள் கண் இருண்டது. அக்கா கதவைத் திறந்து என்னை இழுத்துப் போட்டு, தலையில் தண்ணீர் ஊற்றினாள். பிறகு அந்தக் காரையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“கண்ணு, ஊருக்கு வெளிய பூராவும் காடுதான். அங்க போய் ஊதுனா எவன் கேக்கப் போறான்?”

“எப்படிக்கா போறது?”

“நான் மறுக்கா டிரைவிங் டெஸ்ட்டுக்குப் போறேன்.”

சனி, ஞாயிறுகளில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தார். பின்சீட்டில் நான். “பிரேக், பிரேக்” என்று அவர் சொல்வதை எண்ணினேன். ஒரு பயணத்தில் அதிகபட்சம் அறுபத்தொன்று. செப்டம்பர் கடைசியில் அவர் அரைநாள் லீவு போட்டு டெஸ்ட்டுக்கு அழைத்துப் போனார். இரண்டு முறையும் அக்காவைக் கவிழ்த்தது இரண்டு கம்பங்களுக்கு நடுவே காரை ரிவர்ஸில் நிறுத்துவது. இந்த முறை ஒரு கம்பத்தை மெதுவாகத் தொட்டாள், ஆனால் விழவில்லை. தேறிவிட்டாள். காரிலிருந்து இறங்கி வந்தவள் என்னைப் பார்த்து, “பெட்டிய எடு” என்றாள். அவ்வளவுதான்.

வீட்டிலிருந்து ஒன்பது மைல் கிழக்கே, ஃப்ரீவே பக்கமே போகாமல், மண் சாலை ஒன்றின் முடிவில் ஓர் இடம் கண்டுபிடித்தோம். கம்பி வேலி, அதற்கு அப்பால் கண்ணுக்கு எட்டிய வரை புல். நான்கு மணி வெயில் தணிந்திருந்தது. சுருதிப் பெட்டியைக் காரின் மேல் வைத்து, மூன்று வாரத்துக்குப் பிறகு முழு மூச்சு எடுத்து மேல் ஷட்ஜத்தைப் பிடித்தேன்.

தூரத்தில் ஏதோ அசைந்தது. பிறகு தரை அதிர்ந்தது. நாலா பக்கத்திலிருந்தும் மாடுகள் ஓடி வந்தன. நடந்து அல்ல, ஓடி. வேலி ஓரமாக வரிசையில் நின்று என்னையே பார்த்தன. அக்கா எண்ணினாள்: நாற்பத்து மூன்று.

“கலை தெரிஞ்ச மாடுகடி” என்றாள். நான் உருகிவிட்டேன். இசைக்கு மயங்கும் உயிர்கள்! கண்ணை மூடிக்கொண்டு மோகனத்தை ஆலாபனை செய்யத் தொடங்கினேன்.

கண்ணைத் திறந்தபோது ஒரு பிக்கப் டிரக் நின்றது. அகலத் தொப்பி வைத்த பெரியவர் இறங்கி வந்தார். அக்கா காருக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள். என்னை வெளியே விட்டுவிட்டுப் பூட்டினாள் என்பதை இன்றுவரை அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

அவர் பெயர் டேல். நிலமும் மாடுகளும் அவருடையவை. கோபமில்லை, களைப்புதான். விஷயம் இதுதான்: தினமும் ஐந்து மணிக்கு அவர் டிரக் ஹாரனை நீளமாக அடிப்பார்; மாடுகள் ஓடி வரும்; தீனி போடுவார். என் நாகஸ்வரத்தை அவை ஹாரன் என்று நினைத்துவிட்டன.

“ஒரு மணி நேரம் முன்னாலேயே கூப்பிட்டுவிட்டீர்கள்” என்றார். “இப்போது போடாவிட்டால் இவை விடாது.”

மன்னிப்புக் கேட்டு, பெட்டியைக் கட்டத் தொடங்கினேன். அவர் தொப்பியைத் தள்ளித் தலையைச் சொறிந்தார். “என் ஹாரன் வேறு பழுதாகிக்கொண்டு வருகிறது. ஐந்து மணிக்கு வர முடியுமா?”

அக்டோபர், நவம்பர் முழுக்க செவ்வாய், வியாழன், சனி மாலைகளில் ஐந்திலிருந்து ஆறரை வரை வாசித்தேன். தீனி இருக்கும் வரை நாற்பத்து மூன்றும் நிற்கும். தீர்ந்ததும், நான் எங்கே இருக்கிறேன், எந்த ராகத்தில் இருக்கிறேன் என்றெல்லாம் பார்க்காமல் போய்விடும். கச்சேரியில் கேன்டீனுக்கு எழுந்து போகிறவர்களாவது கொஞ்சம் குனிந்து போவார்கள். ஆனால் திறந்த வெளியில் சத்தம் திரும்பி வராது; எவ்வளவு ஊதினாலும் காற்று வாங்கிக்கொள்ளும். என் மூச்சு முன்பு இருந்ததைவிட நீண்டது.

தேர்வு டிசம்பர் முதல் வியாழன், மூன்று மணிக்கு. அந்த வாரம் பார்த்து அண்ணனை அலுவலகத்தில் டல்லஸுக்கு அனுப்பிவிட்டார்கள். அக்கா ஃப்ரீவேயைத் தொட்டதே இல்லை. “உள்ளாற ரோட்லயே போயிரலாம்” என்று பன்னிரண்டரைக்குக் கிளம்பினோம். இருபது மைல், இரண்டு மணி இருபது நிமிடம். வலது பக்கம் மட்டுமே திரும்புவது என்று அவள் ஒரு கொள்கை வைத்திருந்தாள். இடது பக்கம் போக மூன்று வலது திரும்ப வேண்டும். ஒரே பெட்ரோல் பங்க்கை நான்கு முறை கடந்தோம். இரண்டு ஐம்பதுக்கு அரங்கின் வாசல். பயப்பட நேரமில்லை, சீவாளியை நனைக்கத்தான் நேரம் இருந்தது.

முதல் வரிசையில் இருந்த மூன்று பேராசிரியர்களும் நான் தொடங்கியதும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு ஆறாவது வரிசைக்கு மாறினார்கள். முப்பது நிமிடம் வாசித்தேன். நடுவில் ஒரு சீவாளி கீறிவிட, மாற்றிக்கொண்டு விட்ட இடத்தில் எடுத்தேன். முடிந்ததும் பியானோ பேராசிரியை கேட்டார்: “இவ்வளவு நீளமாக மூச்சுப் பிடிக்க எங்கே பயிற்சி எடுத்தாய்?” உண்மையைச் சொன்னேன். நகைச்சுவை உணர்வும் நன்று என்று குறிப்பில் எழுதித் தேர்ச்சி கொடுத்தார்.

கடைசிச் சனிக்கிழமை டேல் ஒரு டேப்ரெக்கார்டரோடு வந்தார். அரை மணி நேரம் பதிவு செய்துகொண்டார். என் வாசிப்பின் முதல் ஒலிநாடா அதுதான். டிரக்கின் கூரையில் ஒலிபெருக்கி கட்டி அதைத்தான் போடுகிறார் என்று மார்ச்சில் அக்கா எழுதினாள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். சத்தமான வாத்தியம் என்றால் போன முதல் வாரமே இடம் தேடுங்கள். பல்கலைக்கழகம் பார்த்துக்கொள்ளும் என்று இருக்காதீர்கள். நாணல் சாமான்களை ஈரத்துணியோடு டப்பாவில் வையுங்கள். ஏசி காற்றில் என் பன்னிரண்டில் ஏழு பிளந்தன. வேலி என்றால் யாருக்கோ சொந்தம், கேட்டுவிட்டு வாசியுங்கள். திரும்பும் நாளில் விமான நிலையத்துக்குச் சீக்கிரம் போய், காரை முறையாகப் பார்க்கிங்கில் விட்டுவிட்டு, நிதானமாக விடைபெறுங்கள். எங்களுக்கு அது வாய்க்கவில்லை.

அன்று அண்ணனுக்கு அவசர வேலை. அக்கா தனியாகத்தான் கொண்டுவந்து விட்டாள். பார்க்கிங் கட்டடத்தின் வளைவுகளைப் பார்த்துப் பயந்து, இறக்கிவிடும் இடத்திலேயே நிறுத்தினாள். பெட்டிகளை இறக்குவதற்குள் சீருடைக்காரர் வந்து கண்ணாடியைத் தட்டினார், வண்டியை எடு என்று. ஐந்து மாதத்துக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் அப்படியே பாக்கி இருந்தது. ஸ்டியரிங்கை விடாமல் அவள் என் கையைப் பிடித்திருந்தாள்.

அவர் மறுபடி தட்டினார். அக்கா அவர் பக்கம் திரும்பி, “ஒன் மினிட், சார். ஷி இஸ் மை சிஸ்டர்” என்றாள்.

அவர் இரண்டடி தள்ளிப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். முழுதாக ஒரு நிமிடம் கொடுத்தார்.